விளையாட்டுக் கணினிக்கான செயலித் தேர்வு: ஒரு வரலாறு

கணினி விளையாட்டுகளுக்காகப் புதிய கணினி ஒன்றை அமைப்பவர் முதலில் முடிவு செய்ய வேண்டிய உறுப்பு மையச் செயலி (பிராசசர்). எந்த மதர்போர்டு, எந்த வகை நினைவகம், எவ்வளவு குளிர்விப்பு, எத்தனை வாட் மின்வழங்கி என்பவை செயலியைப் பொறுத்தே அமைகின்றன. 1990-களிலிருந்து இந்தத் தேர்வுக்கான அளவுகோல் பலமுறை மாறியிருக்கிறது. ஒவ்வொரு காலத்திலும் விளையாட்டுகள் செயலியின் ஒரு குறிப்பிட்ட திறனையே அதிகம் கோரின. பெட்டியின் மேல் அச்சிடப்பட்ட எண் பெரும்பாலும் வேறொரு திறனைச் சொன்னது.

தமிழகத்தில் அசெம்பிள்டு கணினி

தமிழகத்தில் உதிரிப் பாகங்களை வாங்கிக் கணினி அமைக்கும் வழக்கத்தின் மையம் சென்னை ரிச்சி தெரு. அண்ணா சாலையை ஒட்டிச் சிந்தாதிரிப்பேட்டைப் பகுதியில் உள்ள இத்தெருவும் அருகிலுள்ள நரசிங்கபுரம் தெருவும் முதலில் வானொலி உதிரிப் பாகங்களுக்குப் பெயர் பெற்றவை. பின்னர் தொலைக்காட்சி, கணினி உறுப்புகளின் சந்தையாக வளர்ந்தன. பெரிய நிறுவனங்களின் கணினியைவிடக் குறைந்த விலையில், வேண்டிய உறுப்புகளுடன் கணினி கிடைத்ததால் 1990-களின் பிற்பகுதியில் வீடுகளும் பிரௌசிங் சென்டர்களும் ‘அசெம்பிள்டு செட்’ வாங்கின.

இம்முறையில் எந்தச் செயலி என்ற முடிவு வாங்குபவரிடம் வந்தது. தவறாக முடிவெடுத்தால் இழப்பும் அவருடையதே. ராஜபாளையமோ ஸ்ரீவில்லிபுத்தூரோ சென்னையிலிருந்து 500 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளவை. அங்கிருந்து வந்து வாங்கிச் சென்றவர், மதர்போர்டுக்குப் பொருந்தாத செயலியை மறுநாள் கொண்டுபோய் மாற்றிவிட முடியாது.

இரு நிறுவனங்கள் மட்டும் எஞ்சியது

இன்று வாங்குபவர் முன் இன்டெல், ஏஎம்டி என்ற இரு பெயர்களே உள்ளன. இதன் தொடக்கம் 1981 ஆகஸ்டில் வெளியான ஐபிஎம் பிசி. அதில் இன்டெலின் 8088 செயலி 4.77 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்கியது. ஒரே நிறுவனத்தைச் சார்ந்திருக்க விரும்பாத ஐபிஎம், இரண்டாவது உற்பத்தியாளர் ஒருவரும் வேண்டும் என்றது. 1982-இல் இன்டெலும் ஏஎம்டியும் ஒப்பந்தம் செய்துகொண்டன. பின்னர் 386 செயலியின் வடிவமைப்பை இன்டெல் தர மறுத்தது. நீண்ட வழக்குகளுக்குப் பின் 1995-இல் சமரசம் ஏற்பட்டது.

விண்டோஸ் விளையாட்டுகள் எக்ஸ்86 எனப்படும் ஆணைத்தொகுதிக்காக எழுதப்பட்டவை. அந்த ஆணைத்தொகுதியைக் கையாளும் உரிமை மிகச் சில நிறுவனங்களிடமே இருந்தது. அவற்றுள் ஒன்றான சைரிக்ஸ், சந்தையிலிருந்து விலக நேர்ந்ததற்கு ஒரு விளையாட்டும் காரணம்.

டூம், குவேக்

1993 டிசம்பரில் வெளியான டூம் முழு எண் கணக்குகளைக் கொண்டே காட்சியை வரைந்தது. மிதவைப் புள்ளி எண்களைக் கணக்கிடும் தனிப் பகுதி 486டிஎக்ஸ் செயலியில் இருந்தது, மலிவான 486எஸ்எக்ஸில் இல்லை. டூம் விளையாடியவருக்கு அந்த வேறுபாடு ஒரு பொருட்டாகவில்லை.

1996 ஜூனில் அதே ஐடி சாப்ட்வேர் நிறுவனம் வெளியிட்ட குவேக் முப்பரிமாணக் காட்சிகளை மிதவைப் புள்ளிக் கணக்குகளால் வரைந்தது. பென்டியம் செயலியில் ஒரு வகுத்தல் கணக்கு நடந்துகொண்டிருக்கும்போதே முழு எண் வேலைகளும் நடக்க முடியும். குவேக்கின் நிரல் அந்த வசதியைப் பயன்படுத்தி எழுதப்பட்டது.

சைரிக்ஸ் 6எக்ஸ்86 செயலி அலுவலகப் பணிகளில் பென்டியத்துக்கு இணையாகவும் சில வேளைகளில் மேலாகவும் இயங்கியது. அதன் ‘பி166+’ மாதிரியின் உண்மையான வேகம் 133 மெகாஹெர்ட்ஸ். 166 மெகாஹெர்ட்ஸ் பென்டியத்துக்கு நிகர் என்பது அப்பெயரின் பொருள். ஆனால் அதன் மிதவைப் புள்ளிப் பகுதி மெதுவானது. பெயரில் நிகராக இருந்தது குவேக்கில் பின்தங்கியது. சைரிக்ஸ் 1997-இல் நேஷனல் செமிகண்டக்டரிடமும் 1999-இல் வியாவிடமும் கைமாறியது.

இக்காலப் போட்டியின் இரு பக்கங்களிலும் பணியாற்றியவர் புனேயில் பிறந்த வினோத் தாம். இன்டெலில் பென்டியம் உருவாக்கத்துக்குத் தலைமை வகித்த அவர் 1995-இல் நெக்ஸ்ஜென் நிறுவனத்துக்குச் சென்றார். நெக்ஸ்ஜெனை ஏஎம்டி வாங்கியது. அந்த நிறுவனத்தின் வடிவமைப்பிலிருந்து உருவான கே6 செயலி 1997-இல் வெளிவந்தது. மிதவைப் புள்ளிக் குறையை ஈடுகட்ட ஏஎம்டி 1998-இல் கே6-2 செயலியில் ‘3டிநவ்’ என்ற கூடுதல் ஆணைகளைச் சேர்த்தது.

செலரான்: கேஷ் நினைவகத்தின் பாடம்

செயலிக்குள்ளோ அதனருகிலோ இருக்கும் சிறிய, வேகமான நினைவகம் கேஷ். முதன்மை நினைவகத்திலிருந்து தரவு வரக் காத்திருக்கும் நேரத்தை அது குறைக்கிறது. 1998 ஏப்ரலில் வந்த முதல் செலரான் செயலியில் விலையைக் குறைப்பதற்காக இரண்டாம் நிலைக் கேஷ் நீக்கப்பட்டிருந்தது. அது பரவலான குறைகூறலுக்கு உள்ளானது.

அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த செலரான் 300ஏ மாதிரியில் 128 கிலோபைட் கேஷ் செயலியின் சில்லுக்குள்ளேயே முழு வேகத்தில் இயங்கியது. மதர்போர்டின் பாட்டை வேகத்தை 66-இலிருந்து 100 மெகாஹெர்ட்ஸுக்கு உயர்த்தினால், 300 மெகாஹெர்ட்ஸ் செயலி பல வேளைகளில் 450 மெகாஹெர்ட்ஸில் நிலையாக ஓடியது. பல மடங்கு விலையுள்ள பென்டியம் II 450-க்கு விளையாட்டுகளில் அது ஈடு கொடுத்தது.

மெகாஹெர்ட்ஸ் போட்டி

2000 மார்ச் 6 அன்று ஏஎம்டி 1 கிகாஹெர்ட்ஸ் அத்லானை அறிவித்தது. இரண்டு நாளில் இன்டெலும் அதே வேகத்தில் பென்டியம் III செயலியை அறிவித்தது. அவ்வாண்டு நவம்பரில் வந்த பென்டியம் 4 உயர்ந்த கடிகார வேகத்தை நோக்கி வடிவமைக்கப்பட்டது. ஒரு துடிப்பில் அது செய்த வேலை அத்லானைவிடக் குறைவு. வாங்குபவர்கள் மெகாஹெர்ட்ஸையே பார்த்ததால் ஏஎம்டி 2001 அக்டோபரில் மீண்டும் பெயர் எண்களுக்குத் திரும்பியது. அத்லான் எக்ஸ்பி 1800+ என்பதன் உண்மை வேகம் 1.53 கிகாஹெர்ட்ஸ்.

வேகம் கூடியபோது வெப்பமும் கூடியது. செயலியின் வெப்பநிலை அறையின் வெப்பநிலைக்கு மேல்தான் ஏறும். ஆகவே மே மாதத்தில் 40 பாகை செல்சியஸைத் தொடும் தமிழக ஊர்களில் குளிர்விப்பான் தேர்வின் ஒரு பகுதியாகவே ஆனது. வெப்பம் மிகுந்தால் தானாக நின்றுவிடும் பாதுகாப்பு முதல் அத்லான்களில் இல்லை. குளிர்விப்பான் கழன்றால் அவை கருகின. 2004-இல் வந்த ‘பிரெஸ்காட்’ வகை பென்டியம் 4 வெப்பத்துக்குப் பெயர் போனது. 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 திட்டத்தை அவ்வாண்டே இன்டெல் கைவிட்டது. 2006 ஜூலையில் வந்த கோர் 2 டுவோ குறைந்த கடிகார வேகத்திலேயே முந்தைய செயலிகளைத் தாண்டியது.

கோர்களின் எண்ணிக்கை

அடுத்து பெட்டியின் மேல் ஏறிய எண் கோர்களின் எண்ணிக்கை. 2011 அக்டோபரில் ஏஎம்டி எட்டு கோர்கள் என்று எப்எக்ஸ்-8150 செயலியை விற்றது. அதில் இரண்டு கோர்களுக்கு ஒரு மிதவைப் புள்ளிப் பகுதியே இருந்தது. அக்கால விளையாட்டுகள் ஒன்றிரண்டு கோர்களின் வேகத்தையே நம்பியிருந்தன. அவற்றில் இன்டெலின் நான்கு கோர் ஐ5-2500கே முந்தியது. ‘எட்டு கோர்’ என்ற விளம்பரம் குறித்து அமெரிக்காவில் தொடுக்கப்பட்ட வழக்கு 2019-இல் 1.21 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது.

2013-இல் வெளிவந்த பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் ஆகிய இரண்டிலும் எட்டு சிறிய கோர்கள் இருந்தன. இரண்டுக்கும் எழுதப்பட்ட விளையாட்டுகள் வேலையைப் பல கோர்களுக்குப் பகிரத் தொடங்கின. பயனற்றதாகத் தோன்றிய கோர் எண்ணிக்கை சில ஆண்டுகளில் பயனுள்ளதாயிற்று.

ரைசனும் மீண்டும் கேஷும்

2017 மார்ச்சில் வெளியான ரைசன் மூலம் ஏஎம்டி மீண்டது. ஏஎம்4 என்ற ஒரே பொருத்துவாய் பல தலைமுறைச் செயலிகளை ஏற்றதால், பழைய மதர்போர்டு பலவற்றில் பயாஸ் மென்பொருளைப் புதுப்பித்துப் புதிய செயலியைப் பொருத்த முடிந்தது. கிராபிக்ஸ் கார்டுகள் கிடைக்காமலும் விலை ஏறியும் இருந்த 2021-இல் காட்சி வரையும் பகுதியையும் உள்ளடக்கிய ரைசன் 5 5600ஜி, தனி கார்டு இல்லாமல் விளையாட ஒரு வழியானது.

2022 ஏப்ரலில் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி, செயலியின் மேல் கூடுதல் கேஷ் அடுக்கை ஒட்டி மூன்றாம் நிலைக் கேஷை 96 மெகாபைட்டாக உயர்த்தியது. அதன் கடிகார வேகம் அதற்கு முந்தைய 5800எக்ஸைவிடக் குறைவு. ஆனால் விளையாட்டுகளில் அதுவே முந்தியது. செலரான் 300ஏ தந்த பாடம் இருபத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின் திரும்பியது. 2024-இல் இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை மேசைக்கணினிச் செயலிகள் சில அதிக மின்னழுத்தத்தால் நிலைகுலைவது உறுதியானது. இன்டெல் நுண்நிரல் திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதத்தை இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது.

தேர்வின் கணக்கு

நொடிக்கு 60 காட்சிச் சட்டங்கள் வேண்டுமெனில் ஒரு சட்டத்துக்குக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லிநொடி. 144 சட்டங்கள் வேண்டுமெனில் 6.9 மில்லிநொடி. அதற்குள் செயலி தன் பங்கை முடித்து கிராபிக்ஸ் கார்டுக்கு ஆணை தர வேண்டும். ஆகவே சட்டங்களின் எண்ணிக்கை கூடும்போது சுமை செயலியின் மேலும், திரையின் நுணுக்கம் கூடும்போது கிராபிக்ஸ் கார்டின் மேலும் ஏறுகிறது. 60 ஹெர்ட்ஸ் திரையில் விளையாடுபவர் விலை உயர்ந்த செயலிக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் பெரும்பாலும் திரையில் தெரிவதில்லை.

சென்னை ஐஐடியில் பேராசிரியர் வி. காமகோடி தலைமையில் 2014-இல் தொடங்கிய ‘சக்தி’ திட்டம், யாரும் உரிமக் கட்டணமின்றிப் பயன்படுத்தக்கூடிய ரிஸ்க்-வி ஆணைத்தொகுதியைத் தேர்ந்தது. 2018-இல் அதன் செயலி லினக்ஸை இயக்கியது. விண்டோஸ் விளையாட்டுகள் அதில் நேரடியாக ஓடா. 1982 ஒப்பந்தத்தின் வழி வந்த இரு பெயர்களுக்குள்தான் விளையாட்டுக் கணினி வாங்குபவரின் தேர்வு இன்னும் நிற்கிறது.