பெட்டிக் கணக்கும் மாத்திரைக் கணக்கும்: புதுச்சேரியில் அபினி

நெப்போலியன் காலப் போர்களின் முடிவில் புதுச்சேரியைப் பிரான்சிடம் திருப்பி அளிக்க இசைந்த ஆங்கிலேயர், 1815 மார்ச் 7 அன்று லண்டனில் கையெழுத்தான உடன்படிக்கையின் வழியே, அந்நகரின் உப்பு, அபினி வணிகங்களைத் தம் பிடியில் வைத்துக்கொண்டனர். பிரெஞ்சுப் பகுதிகளில் விளையும் உப்பை வாங்கும் தனியுரிமை ஆங்கிலேயருக்குச் சென்றது. அபினியில் ஆண்டுக்கு 300 பெட்டிகள் வரை கல்கத்தா ஏலத்தின் சராசரி விலையில் பிரெஞ்சு அரசுக்கு ஒதுக்கப்பட்டன. கசகசாச் செடியின் காயைக் கீறி வடிக்கும் பாலின் உறைவான அபினி, இவ்வுடன்படிக்கையில் மருந்தாக அன்றி வருவாய்ச் சரக்காகவே எண்ணப்பட்டது.

1823இல் பிரெஞ்சு அரசு புதுச்சேரியில் ஒரு மருத்துவப் பள்ளியைத் தொடங்கிய காலத்தில், ஐரோப்பிய மருத்துவர்கள் அபினியைப் பிற பொருள்களுடன் சேர்த்துக் கொடுப்பது வழக்கமாக இருந்தது. அவற்றுள் ஒன்றான டோவர் தூளில், அபினியுடன் இப்பிகாக்குவானா என்னும், அளவு மிஞ்சினால் வாந்தியை உண்டாக்கும் வேரும் கலந்திருந்தது. ஆயினும் அபினியின் வீரியம் விளைச்சலுக்கு விளைச்சல் மாறியதால், கொடுக்கும் அளவு என்றும் ஐயத்துக்குரியதாகவே இருந்தது. 1832இல் பிரெஞ்சு வேதியியலர் பியேர் ரொபிக்கே அபினியிலிருந்து கோடீனைப் பிரித்தெடுத்த பின்னரே, முன்னரே அறியப்பட்டிருந்த மார்பீனைப் போல அதையும் நிறுத்துக் கொடுக்க இயன்றது.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் பாராசிட்டமால் பரவியபோது, அபினி வகை மருந்தையும் அதையும் ஒரே மாத்திரையில் சேர்க்கும் முறை வளர்ந்தது. இரண்டும் வெவ்வேறு வழிகளில் வலியைத் தணிப்பதால், அபினி வகையின் அளவைக் குறைக்கலாம் என்பதே இதன் அடிப்படை. 1986இல் உலக சுகாதார நிறுவனம் வகுத்த மூன்றுபடி வலி ஏணியில், இத்தகைய கூட்டு மருந்துகள் இரண்டாம் படியில் நின்றன. இதற்கிடையே 1954 நவம்பர் 1 அன்று புதுச்சேரியின் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. 1823இல் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் மரபில் உருவான கல்லூரி 1964இல் ஜிப்மர் என்னும் மருத்துவ நிறுவனமானது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் கட்டுப்பாட்டை இறுக்க, நோயாளிகளுக்கு மார்பீன் கிடைப்பது அரிதானது. 2014 திருத்தம் அத்தடையைத் தளர்த்தியது. 2018இல் அபினி வகை வலி மருந்தான டிராமடாலும் அச்சட்டத்தின் கீழ் வந்தது.

பெட்டிகளை எண்ணுவது அரசின் வேலையாயினும், மாத்திரையை எண்ணுவது நோயாளியின் பொறுப்பு. 37.5 மில்லிகிராம் டிராமடாலும் 325 மில்லிகிராம் பாராசிட்டமாலும் கொண்ட மாத்திரையை, பெரியவர்கள் ஒரு நாளில் எட்டுக்கு மேல் உட்கொள்ளலாகாது. மருத்துவர் அதனினும் குறைத்திருந்தால் அதுவே எல்லை. காய்ச்சல், சளி மாத்திரைகளிலும் பாராசிட்டமால் ஒளிந்திருப்பதால், ஒரு நாளின் மொத்தம் 4 கிராமைக் கடந்து கல்லீரல் பழுதுபடும் வாய்ப்புண்டு. மதுவுடனோ தூக்க மாத்திரையுடனோ சேர்ந்தால், அபினி வகைப் பொருள் மூச்சை ஒடுக்கிவிடும். ஆதலால், தாம் உட்கொள்ளும் எல்லா மாத்திரைகளையும் மருந்தாளுநரிடம் காட்டிக் கேட்பதும், எஞ்சியதைப் பிறர்க்குத் தராதிருப்பதும் ஒவ்வொருவரும் கைக்கொள்ள வேண்டிய நெறியாகும்.