துரைமார் வண்டி

ஒரு நாட்டின் வரலாற்றை அரசாணைகளில் தேடுவது ஒரு முறை. அந்நாட்டுச் சாலையில் நடந்து சென்றவர் யார், வண்டியில் சென்றவர் யார், யாருக்காக யார் ஒதுங்கி நின்றார் என்று கேட்பது மற்றொரு முறை. 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் எழுந்த வேலைநிறுத்தத்தைப் படிப்போர், தொழிலாளரின் கோரிக்கைகளுள் ஒன்றைக் கண்டு சற்றே திகைப்பர். கூலி உயர்வு, பிள்ளைகளுக்குக் கல்வி, மருத்துவ வசதி, கள்ளுக்கடை மூடல் ஆகியவற்றோடு, துரையோ கிராணியோ எதிர்ப்பட்டால் தொழிலாளி மிதிவண்டியை விட்டு இறங்கி நிற்கவேண்டும் என்னும் வழக்கமும் ஒழியவேண்டும் என்று அவர்கள் கேட்டனர். கேட்டதற்குக் கிடைத்த விடை படையும் துப்பாக்கியும். தொழிலாளர் சிலர் உயிர் துறந்தனர். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்து ஆர். எச். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார்.

இக்கோரிக்கையை உள்ளத்தில் இருத்திக்கொண்டு, போருக்கெனப் பிறந்த ஜீப் வண்டியின் வழியில் வந்தவை இன்று பெருஞ்செல்வரின் ஊர்தியாக உயர்ந்த வரலாற்றை நோக்குதல் வேண்டும். முரட்டு வண்டிக்கு மெத்தையும் குளிர்சாதனமும் பொருத்தினர். அதனால் அது சொகுசு வண்டியாயிற்று என்பதே பொதுவாகக் கூறப்படும் விளக்கம். அஃது எனக்கு உடன்பாடன்று. பெருமையே முதலில் வந்து ஏறியது. மெத்தை பின்னரே வந்தது.

1940ஆம் ஆண்டு ஐரோப்பாவில் போர் மூண்டிருந்த வேளை, அமெரிக்கத் தரைப்படை ஒரு சிறு வண்டியைத் தேடியது. நான்கு சக்கரங்களும் எந்திர விசையால் இயங்க வேண்டும். சேறு, மணல், மேடு எதுவாயினும் தயங்கலாகாது. முதல் வண்டியை 49 நாள்களில் ஒப்படைக்க வேண்டும். பாண்டம் என்னும் சிறு நிறுவனம் அவ்வாண்டு செப்டம்பர் 23ஆம் நாள், கெடு முடியும் தறுவாயில், அதனைக் கொண்டுவந்து நிறுத்தியது. எனினும் பெருவாரியாகச் செய்யும் வாய்ப்பு வில்லிஸ், ஃபோர்டு ஆகிய பெரிய நிறுவனங்களுக்கே போய்ச் சேர்ந்தது. உழைத்தவன் ஒருவன், உண்டவன் மற்றொருவன். போர் முடிவதற்குள் ஏறத்தாழ 6,40,000 வண்டிகள் உருவாயின. ஜீப் என்னும் பெயரின் பிறப்பைப் பற்றி ஆய்வாளரிடையே இன்றும் ஒத்த கருத்தில்லை. சொல்லாராய்ச்சியில் நாட்டமுள்ள மாணவர் அதனைத் தனியே தேடிப் பார்க்கலாம்.

1945ஆம் ஆண்டு செப்டம்பர் திங்களில் பிரிட்டிஷ் ஆட்சி மலாயாவுக்குத் திரும்பியது. அத்திங்கள் 9ஆம் நாள் இந்தியப் படைப்பிரிவுகள் கிள்ளானுக்குத் தெற்கேயுள்ள மோரிப் கடற்கரையில் இறங்கின. ஜப்பானியர் முன்னரே சரணடைந்துவிட்டதால் எதிர்ப்பு இல்லை. எதிர்த்தது கடற்கரை ஒன்றுதான். மேலே மணலாகத் தோன்றிய இடத்தின் அடியில் சேறு இருந்தது. வண்டிகள் பல அதில் புதைந்து நின்றன. எந்நிலத்திலும் செல்லும் ஊர்திகளோடு வந்த படையை ஒரு சிலாங்கூர்ச் சேறு தடுத்து நிறுத்தியது என்பதைப் படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வருவதுண்டு.

போருக்குப் பின், இங்கிலாந்தின் ரோவர் நிறுவனத்து மாரிஸ் வில்க்ஸ், வேல்சு நாட்டு ஆங்கில்சித் தீவிலுள்ள தம் பண்ணையில் பழைய இராணுவ ஜீப் ஒன்றைப் பயன்படுத்தி வந்தார். அது பழுதானால் அதனிடத்தில் வைக்க வேறு வண்டி இல்லையே என்ற எண்ணத்தில் பிறந்ததே லேண்ட் ரோவர். போர்வண்டியின் பிள்ளை உழவனுக்கென உருவாயிற்று. எஃகுக்குத் தட்டுப்பாடு இருந்தமையால் உடற்பகுதியை அலுமினியக் கலவையால் செய்தனர். 1948ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அது முதன்முதல் வைக்கப்பட்டது. விலை 450 பவுன். சொகுசு என்று சொல்ல அதில் யாதும் இல்லை.

அதே ஆண்டு சூன் திங்களில் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. ஏழு வாரக் குழந்தையான அவ்வண்டிக்கு இந்நாட்டுச் செம்மண் சாலைகளில் பெரும்பணி காத்திருந்தது. பிரிட்டிஷ் படை 1949 முதல் அதனை ஏற்றுக்கொண்டது. காவல் துறையும் தோட்ட நிருவாகமும் அதனைக் கைக்கொண்டன. தோட்டங்களில் சிதறிக் கிடந்த லயங்கள் ஓரிடத்தில் சேர்க்கப்பட்டுக் கம்பிவேலியால் சூழப்பட்டன. விடியுமுன் பால்மரக்காட்டுக்கு நடந்து செல்வோரும், மரவள்ளிக் கிழங்கோ சோறோ கையில் இருக்கிறதா என்று வேலி வாயிலில் சோதிக்கப்பட்டோரும் ஒரு பக்கம். துப்பாக்கியோடு லேண்ட் ரோவரில் சென்றோர் மறுபக்கம். அக்காலத் தொழிலாளிக்கு அந்த எந்திரத்தின் ஒலி தொலைவிலிருந்தே அதிகாரத்தின் ஒலியாகக் கேட்டிருக்கும் என்பதில் ஐயமில்லை. மிதிவண்டியை விட்டு இறங்கும் வழக்கத்தை எதிர்த்து எழுந்த போராட்டத்திற்கு அப்போது பத்தாண்டுகூட நிறையவில்லை.

1951ஆம் ஆண்டு அக்டோபர் 6ஆம் நாள் நிகழ்ச்சி இங்கு நினைக்கத்தக்கது. உயர் ஆணையர் சர் ஹென்றி கர்னி கோலாலம்பூரிலிருந்து பிரேசர் மலைக்குச் சென்றபோது பதுங்கியிருந்தோரால் சுடப்பட்டு மாண்டார். காவலர் லேண்ட் ரோவரில் முன்னே செல்ல, அவர் தம் பதவிக்குரிய ரோல்ஸ் ராய்ஸில் அமர்ந்திருந்தார். அன்றைய முறைப்படி சொகுசு வண்டி தலைவனுக்கு. முரட்டு வண்டி காவலனுக்கு. இரண்டும் ஒன்றாகும் காலம் இன்னும் வரவில்லை.

ஆனால் அதற்கான விதை ஊன்றப்பட்டுவிட்டது. வரிசையில் நூறாவது லேண்ட் ரோவர் மன்னர் ஆறாம் ஜார்ஜுக்குச் சென்றது. 1953-54ஆம் ஆண்டுகளில் எலிசபெத் அரசியார் பொதுநலவாய நாடுகளைச் சுற்றி வந்தபோது மக்கள் முன் நின்று செல்ல அதுவே பயன்பட்டது. குடியேற்ற நாடுகளில் துரைமாரும் படைத் தலைவரும் ஏறிய வண்டி என்ற பெயர் உலகெங்கும் பரவிற்று. இருக்கையோ வெறும் பலகை போன்றது. மதிப்போ மிகப் பெரிது.

அம்மதிப்பை விலையாக மாற்றியது 1970ஆம் ஆண்டு சூன் 17ஆம் நாள் வெளிவந்த ரேஞ்ச் ரோவர். விலை 1,998 பவுன். ஸ்பென் கிங் தலைமையில் உருவான அவ்வண்டியின் உட்புறத்தைத் தண்ணீர்க் குழாய் கொண்டு கழுவலாம். அவ்வளவு எளிய நெகிழித் தளமும் இருக்கையும் அதில் இருந்தன. செல்வர்கள் அதனை விரும்பிக் கேட்ட பின்னரே 1981இல் நான்கு கதவுகளும், மறு ஆண்டு தானியங்கிப் பல்லிணையும், அந்தப் பத்தாண்டின் போக்கில் தோல் இருக்கையும் வந்து சேர்ந்தன. நான் மேலே கூறிய வரிசைக்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. ஜெர்மனியரின் ஜி வண்டி 1979இலும், 1991ஆம் ஆண்டு வளைகுடாப் போரில் புகழ்பெற்ற அமெரிக்க ஹம்மர் 1992இலும் பொதுச் சந்தைக்கு வந்து இதே பாதையில் நடந்தன.

இன்றைய கிள்ளான் பள்ளத்தாக்கில் அவ்வகை வண்டிகளுக்குக் குறைவில்லை, சேற்றுக்குத்தான் பஞ்சம். ரப்பர்த் தோட்டமாய் இருந்த ஷா ஆலம் மாநகராயிற்று. இரயில்வே தொழிலாளர் வாழ்ந்த பிரிக்பீல்ட்ஸில், துன் சம்பந்தன் சாலையின் நெரிசலில், காட்டாறு கடக்க வல்ல எந்திரம் நத்தைபோல் ஊர்கிறது. பாதையில்லாத இடத்துக்கென்று செய்யப்பட்ட வண்டி, பாதைகள் பெருகிய பின்னரே விலை உயர்ந்தது.

இந்தியாவிலும் இக்கதைக்குக் கிளை உண்டு. 1945இல் தொடங்கிய மகிந்திரா அண்டு முகம்மது நிறுவனம் 1947 முதல் பம்பாயில் ஜீப் பொருத்தியது. பங்காளிகளுள் ஒருவரான குலாம் முகம்மது பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சரானார். நிறுவனம் மகிந்திரா அண்டு மகிந்திரா ஆயிற்று. 2008ஆம் ஆண்டு சூன் திங்களில் டாடா மோட்டார்ஸ், ஜாகுவாரோடு லேண்ட் ரோவரையும் 230 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்கியது. துரைமார் ஏறிய வண்டியின் உரிமை, துரைமார் ஆண்ட நாட்டினர் கைக்கு வந்தது.

அந்நிறுவனம் 2024ஆம் ஆண்டு செப்டம்பர் 28ஆம் நாள் தமிழ்நாட்டு இராணிப்பேட்டை மாவட்டத்துப் பனப்பாக்கத்தில், 9,000 கோடி ரூபாய்த் திட்டமாக, ஒரு தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டியது. ஜாகுவார் லேண்ட் ரோவர் வண்டிகளும் அங்கே உருவாகும் என அறிவிக்கப்பட்டது. பனப்பாக்கம் பழைய வட ஆர்க்காடு மாவட்டத்து ஊர். மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்குக் கூட்டங்கூட்டமாக ஆள் அனுப்பிய மாவட்டங்களுள் வட ஆர்க்காடும் ஒன்று.