சவ்வும் ஜவ்வும்

நாமகிரிப்பேட்டைக் கறிக்கடையில் "ஜவ்வு இல்லாமப் போடுங்கண்ணா" என்றால், தசையைப் போர்த்திய வெண்ணிறத் தோலுக்கு அடியில் கடைக்காரர் கத்தியை நுழைத்து, ஒரே இழுப்பில் உரித்து ஒதுக்கிவிடுவார். பார்க்க மெல்லிசு, பல்லில் சிக்கினால் லேசில் அறாது.

பாடநூல் மெல்லிய தன்மையை எடுத்துக்கொண்டது. மெல்லிய திசுப்படலம் எதுவும் அங்கே சவ்வுதான். 7, 8 நானோமீட்டர் தடிமனே உள்ள உயிரணு உறையும் 'செல் சவ்வு'. அதனூடே நீர் கடப்பது 'சவ்வூடு பரவல்'. பேச்சுவழக்கு பிடித்துக்கொண்டதோ அறாத்தன்மையை. முதலெழுத்தையும் ஜகரமாக்கிக்கொண்டது. ஜவ்வு மிட்டாய் இழுபடும். முடியாத படமும் "ஜவ்வா இழுக்குது".

இந்த இரட்டைப் பொருளின் குழப்பம் வலிப்பது எலும்பு மருத்துவரின் அறையில். முட்டியில் "ஜவ்வு கிழிஞ்சிருக்கு" என்றால், எலும்போடு எலும்பைப் பிணைக்கும் நாராகவும் இருக்கலாம், இடையில் மெத்தைபோல் கிடக்கும் பிறை வடிவக் குருத்தெலும்பாகவும் இருக்கலாம். "தேஞ்சிருச்சு" என்பது எலும்பு நுனியைப் போர்த்திய வழவழப்பான குருத்தெலும்பை. இடுப்பில் "விலகிருச்சு" என்பது முள்ளெலும்புகளுக்கு நடுவே உள்ள வட்டை. இவற்றில் ஒன்றுகூடப் பாடநூல் சொல்லும் சவ்வு அல்ல. காயமும் வேறு, வைத்தியமும் வேறு. வீட்டுக்குப் போய் விவரம் சொல்லவேண்டிய நோயாளிக்குக் கிடைப்பதோ ஒரே சொல். நார், குருத்து, வட்டு என்று பிரித்துச் சொன்னால் யாருக்கும் புரியும், சொல்லத்தான் வேண்டும்.

குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி விளையும் இந்த வட்டாரத்தில், ஜவ்வு என்று பேச்செடுத்தால் ஜவ்வரிசியை விட்டுவிட முடியாது. ஈரமாவை உருட்டிச் சூடான தகட்டில் வறுக்கும்போது மணியின் மேற்புற மாவு வெந்து பசையாகிப் பிடித்துக்கொள்ளும். பாயசத்தில் வெந்தபின் கண்ணாடிபோல் ஊடே தெரியும், வாயில் ஜவ்வாக வழுக்கும். ஜவ்வு அரிசிதான் ஜவ்வரிசி என்று காது முடிவுகட்டிவிடுகிறது. ஆனால் மலாய் மொழியின் 'சாகு'விலிருந்து வந்தது என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. அங்கே அது ஒருவகைப் பனையின் தண்டுச்சோற்றிலிருந்து எடுக்கும் மாவு. இரண்டாம் உலகப்போரில் அந்த இறக்குமதி நின்றபோதுதான், 1943 வாக்கில், சேலம் பக்கம் மரவள்ளி மாவில் மணி உருட்டத் தொடங்கினார்கள். பனை போய்க் கிழங்கு வந்தது; பெயர் மாறவில்லை. 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததும் சேலம் ஜவ்வரிசி என்ற அந்தப் பெயருக்கே.