மிளகுத்தண்ணியும் தேத்தண்ணியும்

மெனுவில் ‘முலிகட்டோனி சூப்’ என்று பார்த்து முழிக்காதீங்க. அது நம்ம மிளகுத்தண்ணிதான். வெள்ளைக்காரர் வாயில் அப்படி மாறிப்போச்சு. 1886இல் வந்த ‘ஹொப்சன்-ஜொப்சன்’ அகராதியில் கறி, கஞ்சிகூட இருக்கு.

நாமும் இரவல் வாங்கியிருக்கோம். சீனாவின் ஹொக்கியன் பேச்சிலிருந்து கடல்வழி வந்த ‘தே’யோட நம்ம தண்ணி சேர்ந்துதான் தேத்தண்ணி.

ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலை நட்டது 1867இல். இன்றைக்கும் ஹட்டனில் எங்கள் அம்மாமார் பறிப்பது ‘கொழுந்து’. உலகம் வாங்குவதோ ‘ஓரஞ்ச் பெக்கோ’. பெக்கோவும் சீனச் சொல்தான். மொட்டின் வெள்ளைப் பூமயிரைக் குறிப்பது. மிளகுத்தண்ணி ஆங்கிலத்துக்குப் போச்சு, கொழுந்து தோட்டத்தைத் தாண்டவில்லை.

கம்பஸ் கன்டீனில் ‘தேத்தண்ணி’ என்று கேட்கவே நாங்கள் கூச்சப்படுறோம். நாமே சொல்லாத சொல்லை வேற யார் எடுத்துட்டுப் போவாங்க?