சக்கிறீஸ்து

கத்தோலிக்கக் கோயிலில் பூசைக்கு முன் சுவாமியார் உடுப்பு மாற்றும் அறை சக்கிறீஸ்து. போர்த்துக்கேயரின் ‘சக்றிஸ்தியா’ நம் நாக்கில் இப்படித் திரிந்தது. அதற்கும் வேர், ‘புனிதமான’ என்று பொருள்படும் இலத்தீன் ‘சக்கெர்’. யாழ்ப்பாணத்தில் அவர்கள் ஆட்சி 1619 முதல் 1658 வரை. அந்த அறைக்குள் நிற்கும் அலுமாரியும் மேசையும்கூட அவர்கள் சொற்கள்தான். அவை நீர்வேலி வாழைத்தோட்டக்காரர் வீடுவரை போய்விட்டன. சக்கிறீஸ்து கோயில் மதிலைத் தாண்டவில்லை.

அகன்ற, ஆழமில்லாத இலாச்சிகளில் பூசை உடுப்புகள் கசங்காமல் கிடக்கும்: தவக்காலத்துக்கு ஊதா, வேதசாட்சிகளின் நாளுக்குச் சிவப்பு, பாஸ்காவுக்கு வெள்ளை. பக்கத்தில் கிண்ணம், அப்பத்தட்டு, தூபக்கலசம். கிண்ணம் துடைத்த துணியை முதலில் அலசிய தண்ணீர் கானுக்குள் போகக்கூடாது, மண்ணில்தான் ஊற்றுவார்கள்.

சைவக் கோயிலில் இதற்கு நேரான ஒற்றை அறை இல்லை. மடைப்பள்ளி, களஞ்சியம், வாகனசாலை என்று வேலை பிரிந்து நிற்கும். ‘திருப்பொருள் அறை’ என்று தமிழாக்கினால் உடுப்பு விடுபடும். அங்கிலிக்கன் சபையாரின் ‘வெஸ்ட்ரி’ என்ற சொல்லில் உடுப்பு மட்டுமே உண்டு, கிண்ணம் இல்லை.