கிரகணம்: புராணமும் வான சாஸ்திரமும்
அமுதுண்ட அசுரனின் கூறுகளாகிய ராகுவும் கேதுவும் சூரிய சந்திரரைப் பற்றுவதே கிரகணமெனப் புராணம் கூற, பூமியின் நிழலும் சந்திரனின் மறைப்புமே காரணமென்று ஆரியபட்டர் கி.பி. 499-ஐ ஒட்டியே விளக்கினார். பூமியின் பாதைத் தளத்துக்கு ஏறத்தாழ 5 பாகை சாய்ந்த சந்திரனின் பாதை அத்தளத்தை வெட்டும் இரு புள்ளிகளே கணிதத்தின் ராகு கேதுக்கள். பஞ்சாங்கத்தில் இரண்டு மரபுகளும் முரணின்றி இணைந்தது இதனாலேயாம். 1825-இல் புதுச்சேரியில் ஐரோப்பிய வானியல் அறிஞர் ஜான் வாரன் கண்ட தமிழ்க் கணிதர் ஒருவர், சோழிகளைத் தரையில் பரப்பி, எண்களைக் குறிக்கும் மனனம் செய்த வாக்கியங்களின் துணைகொண்டே கணித்த சந்திர கிரகணத்தின் தொடக்கம், வியக்கத்தக்க வகையில், 4 நிமிஷமே பிழைத்தது. முடிவோ 52 நிமிஷம் பிழைத்தது. 2019 டிசம்பர் 26-இன் கங்கண சூரிய கிரகணம் ஈரோடு, கரூர் வழியே செல்ல, சேலத்தில் அது பகுதி கிரகணமாயிற்று. சேலம், நாமக்கல் கிராமங்களில் கிரகண வேளையில் மட்டுமே நிற்குமென நம்பி நீர்த்தட்டில் நிறுத்தப்படும் உலக்கை, அடிப்பகுதி சமமாயின், எந்நாளும் நிற்கக்கூடியதே.