பிடித்த பாம்பைத் திரும்ப விட்ட கதை



கடலைக்காய் பிடுங்கும் சமயம் ஜலகண்டாபுரம் பக்கத்தில் ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தேன். வரப்போரம் ஒரு சாரைப்பாம்பு அடிபட்டுக் கிடந்தது. ஆறடிக்குக் குறையாது. அதே வரப்பு நெடுக எலி வளை. "செடியைப் பிடுங்கினா காயைக் காணோமுங்க, எல்லாத்தையும் எலி கொண்டுபோயிருச்சு" என்றார் தோட்டக்காரர். "ஏனுங்க, எலி பிடிக்க வந்த ஆளை அடிச்சுப் போட்டுட்டு எலி மேல குத்தம் சொன்னா எப்படி?" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, "அப்படீன்னா வளர்த்த பாம்பு இருந்தா நாலு கொண்டாந்து விடுங்க சார்" என்றார்.

விளையாட்டாகக் கேட்டதுதான். ஆனால் அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு சரித்திரம் இருக்கிறது.

ஒரு காலத்தில் பாம்புத் தோலுக்கு நல்ல கிராக்கி. செருப்பு, கைப்பை, இடுப்பு வார் செய்ய வெளிநாட்டுக்குக் கப்பலேறியது. செங்கற்பட்டுப் பக்கத்து இருளர்கள் பாம்பு பிடிப்பதில் கைதேர்ந்தவர்கள். தடத்தைப் பார்த்தே எந்த வளையில் எந்தப் பாம்பு என்று சொல்வார்கள். அவர்கள் பிடித்துக் கொடுத்தார்கள். வியாபாரி லாபம் பார்த்தான். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976-இல் தோல் ஏற்றுமதிக்கும் தடை வந்தது. பாம்பு பிழைத்தது, இருளர் வீட்டில் அடுப்பு அணைந்தது.

சென்னையில் பாம்புப் பண்ணை தொடங்கிய ரோமுலஸ் விட்டேக்கரும் இருளர்களும் சேர்ந்து இதற்கு வழி கண்டார்கள். 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் இன்றும் இருக்கிறது. பால் சங்கத்தில் பால் ஊற்றுவதுபோல இங்கே பாம்பு கொண்டுவந்து கொடுக்கிறார்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நாலும் மண்பானையில் இருக்கும். சில வாரம் வைத்திருந்து, இடைவெளி விட்டு விஷம் எடுப்பார்கள். பிறகு அடிவயிற்றுச் செதிலில் அடையாளம் வெட்டிக் காட்டிலேயே விட்டுவிடுவார்கள். அதே பாம்பு மறுபடி அகப்பட்டால் அடையாளம் காட்டிக் கொடுக்கும். அந்த விஷத்தைக் கொண்டுதான் பாம்புக்கடி ஊசிமருந்து தயாராகிறது. 2000 முதல் 2019 வரை நம் நாட்டில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் நம்மைப்போல் கிராமத்து ஜனங்கள்தான். பிடித்த பாம்பைக் கொல்லாமல் விட்டதால் இருளருக்கும் பிழைப்பு, நமக்கும் மருந்து. 2023-இல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

அது பிடித்த பாம்பை விட்ட கதை. தோட்டக்காரர் கேட்டது வளர்த்த பாம்பை. அதையும் அமெரிக்காவில் செய்து பார்த்திருக்கிறார்கள். அங்கே இண்டிகோ என்று விஷமில்லாத நீளமான பாம்பு ஒன்று உண்டு, நம் சாரை மாதிரி. அலபாமா மாநிலத்தில் அது அற்றுப்போய்விட்டது. கூண்டில் முட்டையிட வைத்து, குஞ்சுகளைப் பெரிதாக்கி, 2010 முதல் அங்குள்ள காட்டில் விட்டுவருகிறார்கள். 2022-இல் காட்டிலேயே பிறந்த ஒரு குட்டி கண்ணில் பட்டது. பன்னிரண்டு வருஷப் பாடுக்குப் பிறகும் அதுவே பெரிய சேதி! பாம்பை வளர்த்தால் மட்டும் போதவில்லை. அது ஒதுங்க ஆமை வளை வேண்டும், பழைய பைன் மரக்காடு வேண்டும். அதையும் சேர்த்துக் காப்பாற்ற வேண்டியிருந்தது.

ஆகவே தோட்டக்காரருக்கு என் பதில் இதுதான். அடித்துத் தீர்த்துவிட்டு வாங்கி விடுவது நடக்கிற காரியமில்லை. இருப்பதை விட்டுவைப்பதே சுலபம், காசும் செலவில்லை. கரட்டோரப் புதரையும் பழைய புற்றையும் முழுசாக அழிக்காதீர்கள். வயலில் சாரையைக் கண்டால் வழிவிடுங்கள். வீட்டுக்குள் எந்தப் பாம்பு வந்தாலும் நீங்கள் கை வைக்காமல் தீயணைப்பு நிலையத்துக்கோ வனத்துறைக்கோ சொல்லுங்கள். ராத்திரி தண்ணீர் கட்டப் போகிறவர்கள் டார்ச் விளக்கும் செருப்பும் இல்லாமல் போகாதீர்கள். கடித்துவிட்டால் கீறுவதும் இறுக்கிக் கட்டுவதும் வேண்டாம், மந்திரிக்கவும் நிற்க வேண்டாம். நேரே அரசு ஆஸ்பத்திரி.

அடுத்த முறை அந்தத் தோட்டத்துக்குப் போகும்போது வரப்பில் ஒரு சாரை உயிரோடு ஓடினால் எனக்கு அதுவே போதும்.